தெரிவு செய்வோர் யார்?
மென்பொருட் கல்விக் காணொளிகளும் தொண்டைமானாற்று வினாத்தாளும்

வடமாகாணத்தில் க.பொ.த. உயர்தர வகுப்பிற் கற்ற எவருக்கும் தொண்டைமானாறு என்ற பெயர் ஓர் ஊரை நினைவூட்டுவதற்கு முன்னர் ஒரு வினாத்தாளையே நினைவூட்டும். செல்வச்சந்நிதி முருகன் கோயிலையோ, கடலும் கடனீரேரியும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் தடுப்பணையையோ, உப்பு ஏற்றுமதிக்காகக் கருணாகரத் தொண்டைமான் அவ்வாற்றை வெட்டுவித்தான் என்னும் மரபுக் கதையையோ அறியாத மன்னார் மாணவனும் முல்லைத்தீவு மாணவியும் கூடத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளை அறிவர். ஆசிரியர்கள் கூடி வினாக்களை ஆக்குகின்றனர்; புள்ளித்திட்டம் வகுக்கின்றனர்; பாடசாலைகள் தோறும் மாணவர் ஒரே தாளுக்கு விடை எழுதுகின்றனர். பரீட்சை முடிந்த பின்னரும் அத்தாள் கைமாறிக் கைமாறி, நிழற்பிரதியாகி, இன்று கைத்தொலைபேசிகளில் கோப்பாகி, அடுத்த ஆண்டு மாணவரையும் சென்றடைகின்றது.

இந்நிலையத்தின் பெயர் தமிழ் மாணவரிடையே நிலைபெற்றது கற்பித்தலினாலன்று, சோதித்தலினால் என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். மாணவன் பாடசாலையிற் கற்றானா, தனியார் கல்வி நிலையத்திற் கற்றானா, தமையனின் பழைய குறிப்புக் கொப்பியைப் பார்த்துத் தானே கற்றானா என்று அவ்வினாத்தாள் கேட்பதில்லை. கற்றது என்ன என்று மட்டுமே கேட்கின்றது. பெருங்கூட்டம் சேரும் புகழ்பெற்ற ஆசிரியரின் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருந்தவனும் அத்தாளின் முன் தனித்தே அமர வேண்டியவனாகின்றான்.

உயர்தரப் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் கிடைத்த இந்த உரைகல், இன்று பல்லாயிரம் தமிழ் இளைஞர் தாமாகவே கற்க முற்பட்டிருக்கும் மென்பொருளாக்கத் துறைக்குக் கிடைக்கவில்லை. அதன் விளைவு பாரதூரமானது.

"எல்லாம் யூரியூப்பில் இருக்கிறது"

மென்பொருளாக்கம் கற்க விரும்பும் மாணவனுக்கு இன்று தயாராக இருக்கும் விடை ஒன்றுண்டு. எல்லாம் யூரியூப்பில் இருக்கிறது, இலவசமாக இருக்கிறது, கற்காதவன் சோம்பேறி என்பதே அவ்விடை. விரிவுரை மண்டபத்தில் இதனைச் சொல்லும் விரிவுரையாளர் உளர். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிற் சொல்லும் மாமன்மார் உளர். தொழில் வழிகாட்டற் கருத்தரங்குகளில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லும் பிரமுகர்களும் உளர். சொல்வோருக்கு இது மிக வசதியான கூற்று. ஒரே வாக்கியத்தில் பொறுப்பு முழுவதும் கற்பவனின் தலைமீது ஏற்றப்பட்டுவிடுகின்றது.

இக்கூற்றை நம்பிச் செல்வோர் யார் என்பதையும் நோக்குதல் தகும். கணினி விஞ்ஞானத்தைப் பாடமாகப் பயிலும் மாணவனுக்குப் பாடத்திட்டமும், செய்முறை வகுப்பும், பிழை காட்டும் போதனாசிரியரும் உண்டு. அவன் வழிதவறினாலும் திருத்துவார் உளர். கலைப்பீடத்து மாணவனின் நிலை வேறு. 2017ஆம் ஆண்டு வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் அமர்ந்திருந்த காட்சியை அவன் பாடசாலைப் பருவத்திலேயே கண்டவன். தன் பட்டம் தனக்குச் சோறு போடுமா என்ற ஐயத்துடன் இரவில் கைத்தொலைபேசியைத் திறப்பவன் அவன். அவனுக்கு இணையம் ஒன்றே ஆசிரியர், இணையம் ஒன்றே பாடசாலை. எல்லாம் இருக்கிறது என்ற கூற்றின் முழுப் பாரமும் விழுவது அவன் மீதுதான்.

எல்லாம் இருக்கிறது என்பது உண்மையே. அந்த உண்மையிலேதான் சிக்கலும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தோன்றி மறு ஆண்டே கூகுள் நிறுவனத்தின் உடைமையான அத்தளத்தில், ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்துக்கு மேற்பட்ட காணொளிகள் ஏற்றப்படுவதாக அந்நிறுவனமே கூறியுள்ளது. பெருக்கிப் பார்ப்பின், ஒரே நாளில் ஏறுவதை முழுவதும் பார்த்து முடிக்க ஒருவனுக்கு இரவு பகலாக ஏறத்தாழ 82 ஆண்டுகள் வேண்டும். அதில் மென்பொருள் பற்றியவை ஒரு சிறு பங்காகவே இருக்கட்டும். அச்சிறு பங்கும் ஒரு மாணவனின் ஆயுளுக்கு அடங்காது. எனவே மாணவன் முன்னுள்ள வினா காணொளி உண்டா என்பதன்று. எதனைப் பார்ப்பது என்பதே. அதற்கு விடை கூறத் தகுந்தவர் யார்?

கருவியின் தெரிவு

இன்று அத்தெரிவைச் செய்வது கருவி. மாணவன் தேடற் பெட்டியில் இரு சொற்களை இடுகின்றான். கருவி வரிசைப்படுத்திக் கொடுக்கின்றது. எதனை அளவுகோலாகக் கொண்டு வரிசைப்படுத்துகின்றது? 2012ஆம் ஆண்டு வரை, ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தனர் என்பதே முக்கிய அளவுகோலாக இருந்தது. அவ்வாண்டில் நிறுவனம் அதனை மாற்றி, பார்வையாளர் எவ்வளவு நேரம் தங்கினர் என்பதை முன்னிறுத்தியது. பின்னர் பார்வையாளரின் மனநிறைவையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டதாகக் கூறுகின்றது. இவற்றுள் எதுவும் கற்றலை அளப்பதன்று. விளம்பரம் விற்பது அந்நிறுவனத்தின் தொழில். தங்கும் நேரமே அதன் முதல். தான் ஆசிரியன் என்று அது ஒருபோதும் உரிமை கொண்டாடியதில்லை. அப்பட்டத்தை அதற்குச் சூட்டியவர்கள் கல்வியாளர்களே.

ஒரு காலத்தில் மாணவனுக்குச் சிறிதளவு உதவிய அடையாளம் ஒன்று இருந்தது. எத்தனை பேர் ஒரு காணொளியை விரும்பவில்லை என்ற எண்ணிக்கை காணொளியின் கீழ் அனைவருக்கும் தெரிந்தது. பார்த்து ஏமாந்தவர்கள் பின்வருவோருக்கு இட்டுச் சென்ற எச்சரிக்கைப் பலகை அது. 2021 நவம்பரில் நிறுவனம் அதனை மறைத்தது. காணொளி ஆக்குவோர் மீது திட்டமிட்டு நடத்தப்படும் தாக்குதலைத் தடுப்பதே நோக்கம் எனக் காரணம் கூறப்பட்டது. காரணம் நேர்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் செய்முறைக் காணொளிகளைப் பொறுத்தவரை, கைகண்ட ஒரே சான்றும் அன்றோடு போயிற்று.

கற்பவனே தெரிவு செய்யட்டும், அவனுக்கு அறிவில்லையா என்று சிலர் வாதிடுவர். அறிவு உண்டு, அத்துறையில் அறிவு இல்லை. இருந்தால் அவன் காணொளியைத் தேடியிரான். நல்ல விளக்கம் எது, மேலோட்டமான விளக்கம் எது, பிழையான விளக்கம் எது என்று பிரித்தறிவதற்குப் பொருளை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. பழைய பதிப்போடு அது முற்றாக ஒத்துப்போவதில்லை. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதலாந் திகதியோடு முடிவுற்றது. ஆனால் இரண்டாம் பதிப்பைக் கற்பிக்கும் பழைய காணொளிகள் இலட்சக்கணக்கான பார்வைகளோடு இன்றும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்த மாணவன் முதற் பாடத்தின் முதல் வரியை எழுதுகின்றான். திரையில் ஒரு சொல்லை அச்சிடும் கட்டளை அது. காணொளியில் அடைப்புக்குறி இல்லை, அவனும் இடவில்லை. காணொளியில் அது இயங்குகின்றது. அவனுடைய கணினியில் பிழைச்செய்தி வருகின்றது. காணொளி காலங்கடந்தது என்று அவன் எண்ணுவானா? தனக்கு இது வராது என்றே எண்ணுவான். இரண்டு அடைப்புக்குறிகளாற் கைவிடப்பட்ட முயற்சிகள் எத்தனை என்று எந்தக் கருவியும் கணக்கு வைத்திருக்கவில்லை.

அவ்வாறாயின் புதியவற்றையே பார்க்கட்டும் எனின், அதுவும் பிழை. மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் லைசர்சனும் டெமைனும் 2005இல் நிகழ்த்திய அல்கோரிதம் பற்றிய அறிமுக விரிவுரைகள் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதப்பட்டவை. அவற்றின் சாரம் இன்றும் பழுதின்றி நிற்கின்றது; வரிசைப்படுத்தலின் கணிதம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. ஆக, இணையத்தளம் அமைக்கும் கருவிகளைப் பற்றியதாயின் மூன்றாண்டுப் பழமையும் ஆபத்து. அல்கோரிதம் பற்றியதாயின் இருபதாண்டுப் பழமையும் பொருட்டன்று. இந்த வேறுபாட்டை அறிந்தவன் ஏற்கனவே பாதித் துறையை அறிந்தவனாவான். தொடக்க நிலை மாணவனிடம் இதனை எதிர்பார்ப்பது, நோயாளியே மருந்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று மருந்துக்கடையைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

விளங்கியது என்னும் மயக்கம்

இதனினும் ஆழமான கேடு ஒன்றுண்டு. நல்ல காணொளியைக் கண்டடைந்தவனும் பார்ப்பதனாற் கற்றுவிடுவதில்லை. திரையில் ஒருவர் சரளமாக நிரல் எழுதுகின்றார். மாணவன் பார்க்கின்றான், ஒவ்வொரு வரியும் விளங்குகின்றது. அவர் எழுதியதையே நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தானும் எழுதுகின்றான், இயங்குகின்றது. மகிழ்ச்சியோடு அடுத்த காணொளிக்குச் செல்கின்றான். நாற்பது மணி நேரக் கற்கைநெறி முடிகின்றது. அதன்பின் வெற்றுத் திரையைத் திறந்து, தன் ஊர்ச் சனசமூக நிலையத்து நூல்களுக்கு ஒரு பதிவேடு அமைக்க முற்படின், முதல் வரி எது என்று தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் முன்னோர். ஏட்டையாவது கையால் எழுதினர். இது கண்ணோடு நின்றுவிட்ட சுரைக்காய்.

இம்மயக்கம் வெறும் ஊகமன்று. ஹாவட் பல்கலைக்கழகத்தில் டெலோரியேயும் அவர்தம் குழுவினரும் பௌதிகவியல் மாணவரிடையே நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு சாரார் தேர்ந்த விரிவுரையைக் கேட்டனர். மற்றொரு சாரார் அதே பாடத்தைத் தாமே கணக்குகளோடு மல்லுக்கட்டிக் கற்றனர். பின்னர் நடந்த சோதனையில் மல்லுக்கட்டியவர்களே கூடுதலாகப் புள்ளி பெற்றனர். ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கின்றீர் என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களே தாம் கூடுதலாகக் கற்றதாகக் கருதினர். சரளமான விளக்கம் கற்ற உணர்வைத் தருகின்றது; கற்றலைத் தருவது சிரமம்.

இம்முடிவைக் காணொளித் தளத்தின் மீது வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். விருப்பக் குறியிடுவோர் உணர்வுக்கே குறியிடுகின்றனர். "அருமையான விளக்கம் அண்ணா" என்று கீழே எழுதுவோரும் உணர்வையே எழுதுகின்றனர். கருவி அவ்வுணர்வைத் திரட்டி அடுத்த மாணவனுக்குப் பரிந்துரைக்கின்றது. கற்பவனைச் சிறிது துன்புறுத்தி, இடையில் நிறுத்தி, நீயே செய்து பார் என்று விரட்டும் காணொளி இந்தச் சந்தையில் தோற்கும் என எதிர்பார்ப்பதே நியாயம்.

அப்படியாயின் பயனுள்ளவையே இல்லையா? உண்டு, அவற்றை அடையாளங் காண்பதற்கான குறியும் உண்டு. ஹாவட்டில் டேவிட் மலன் நடத்தும் சி.எஸ். 50 என்னும் கற்கைநெறி உலகெங்கும் பார்க்கப்படுவது. அவரது நாடகப் பாங்கான பேச்சைப் பலர் புகழ்வர். அக்கற்கைநெறியின் உயிர் பேச்சில் இல்லை. ஒவ்வொரு கிழமையும் தரப்படும் பயிற்சிக் கணக்குகளில் இருக்கின்றது; எழுதிய நிரலைக் கணினியே சோதித்துத் தவறெனத் திருப்பி அனுப்பும். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த், இந்திய அரசின் ஆதரவில் இயங்கும் என்.பி.ரி.இ.எல். திட்டத்தின்கீழ்ப் பைதன் வழியாக அல்கோரிதம் கற்பிக்கும் விரிவுரைகள் ஆரவாரமற்றவை. அங்கும் வாரந்தோறும் ஒப்படை உண்டு. மும்பை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் பேசும் பயிற்சித் திட்டம் இன்னும் எளிமையானது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பாடம். தமிழிலும் குரல் கொடுக்கப்பட்டுள்ளது. காணொளியை நிறுத்திவிட்டு இதனைச் செய்க என்று இடையிடையே கட்டளை வருகின்றது. கண்ணைக் கவரும் அலங்காரம் எதுவுமில்லை. இலங்கையிலேயே மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணைய வழியே இலவசமாக நடத்தும் கற்கைநெறிகளும் பயிற்சியையும் மதிப்பீட்டையும் கொண்டவை. இவை மொழியாலும் நாட்டாலும் நடையாலும் வேறுபட்டவை. மாணவனைப் பார்வையாளனாக இருக்க விடாமை ஒன்றே இவற்றுக்குப் பொது.

மொழி பற்றி

ஆங்கிலம் தெரியாதவனுக்கு இத்துறை எதற்கு என்பார் ஒரு சாரார்; அனைத்தும் தமிழில் வந்தபின் கற்போம் என்பார் மறு சாரார். இருவருக்கும் யாழ்ப்பாணத்து வரலாற்றிலேயே விடை உண்டு. 1847இல் இம்மண்ணுக்கு வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களைப் பெயர்த்தார், கலைச்சொற்களை ஆக்கினார். உடற்கூற்றைத் தமிழிற் சொல்ல முடிந்த மண்ணில் மீள்செயலையும் மாறியையும் சொல்ல முடியாதென்பது நகைப்புக்குரியது. அதே வேளை, நிரற் கட்டளைகளும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்திலேயே வரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கருத்து தமிழில் ஊன்றட்டும். கட்டளை ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழகத்துக் கணியம் குழுவினர் எளிய தமிழில் வெளியிட்டுவரும் நூல்களும் காணொளிகளும் இவ்வழியில் நெடுந்தூரம் சென்றுள்ளன. ஈழத்து மாணவன் அவற்றைப் பயன்படுத்தும்போது சில சொற்கள் வேறுபடும். இங்கு செய்நிரலாக்கம் என்பது அங்கு நிரலாக்கம். இவ்வளவே இடர். உயர்தரத்தில் இரசாயனவியல் கற்று, தமிழகத்து வேதியியல் நூலைப் படித்து விளங்கிக்கொண்ட மாணவனுக்கு இது மலையன்று.

வேண்டுவது யாது?

மேலும் மேலும் காணொளிகளை ஆக்குவதே தீர்வென்று கருதும் போக்கு ஒன்று வளர்ந்து வருகின்றது. ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஒளிப்படக் கருவியை வாங்கிப் பதிவு செய்யத் தொடங்குகின்றது. பெருங்கடலில் இன்னொரு குடம் நீரை ஊற்றுவதால் தாகம் தீர்வதில்லை. வேண்டுவது இருவகைப் பணி. முதலாவது, அறிந்தோர் அமர்ந்து பார்த்து, தகுதியானவற்றைத் தெரிந்தெடுத்துத் தருதல். எந்தப் பதிப்புக்குரியது, முன்கூட்டியே எதனை அறிந்திருத்தல் வேண்டும், எங்கே நிறுத்திப் பயிற்சி செய்தல் வேண்டும் என்பவற்றோடு, எவ்வளவு தரவு செலவாகும் என்பதும் அதிற் குறிக்கப்படல் வேண்டும். கடைசிக் குறிப்பை அற்பமென்று ஒதுக்குவோர் தரவுப் பொதியை எண்ணி எண்ணிச் செலவு செய்தறியாதவர். நடுத்தரத் தெளிவுள்ள ஒரு மணி நேரக் காணொளி ஏறத்தாழ அரை ஜிகாபைற்றை விழுங்கும். நாற்பது மணி நேரத்தைப் பயனற்ற கற்கைநெறியொன்றில் இழந்த மாணவன் நேரத்தை மட்டும் இழப்பதில்லை. மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்ட 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் உயர்ந்த கட்டணத்தில் வாங்கிய பொதியையும் இழக்கின்றான்.

இரண்டாவது பணி சோதித்தல். முதலாவதனைக் காட்டிலும் இன்றியமையாதது இதுவே. பொதுவானதொரு வினாத்தாள், பொதுவானதொரு புள்ளித்திட்டம், ஆண்டுக்கு இருமுறையாவது பரீட்சை. எந்தக் காணொளியையும் பார்த்துவிட்டு வரலாம். எந்தப் பீடத்திலிருந்தும் வரலாம். இதனால் மாணவன் தன் நிலையை அறிவான் என்பது ஒரு பயன். எந்தக் காணொளி எத்தகைய மாணவரை உருவாக்குகின்றது என்ற உண்மை மெல்ல மெல்ல வெளிப்படும் என்பது மற்றொரு பயன். பார்வை எண்ணிக்கை சொல்லாததைப் பரீட்சைப் புள்ளி சொல்லும்.

விரிவுரையாளருக்கு நேரமில்லை என்பர். வெளிக்கள நிலையத்து வினாத்தாளை ஆக்கும் ஆசிரியர்களுக்கும் பாடவேளைகள் உண்டு, திருத்த வேண்டிய கொப்பிகள் உண்டு, குடும்பமும் உண்டு. பரீட்சை வைத்தால் மாணவர் பரீட்சைக்காகவே கற்பர் என்பர். அது நியாயமான அச்சமே. வெளிக்கள நிலையத் தாள்களையும் விடைகளோடு மனனம் செய்வோர் இல்லாமலில்லை. ஆயினும் செய்நிரல் எழுதும் வினாவுக்கு மனனம் அதிக தூரம் துணைவராது. இன்று செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகின்றது, காணொளியும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம் என்பாரும் தோன்றியுள்ளனர். 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளிவந்த பின் இக்குரல் ஓங்கி ஒலிக்கின்றது. எழுதித் தரப்பட்ட நிரல் சரியா பிழையா என்று கூறுவது யார் என்ற வினா அப்போதும் எஞ்சி நிற்கின்றது. அறியாதவனின் முன் அது முன்னிலும் பெரிதாகவே நிற்கின்றது.

வினாத்தாள் எத்தகையதாக அமையலாம்? தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் பணி, கடல்நீர் உட்புகாமற் காத்து மாரிநீரைக் கடனீரேரியிலே தேக்குதல். வெள்ளம் மிகும்போது கதவுகளைத் திறந்து கடலுக்கு விடுதல். அணையின் இருபுறத்து நீர்மட்டமும் கார்த்திகை மாதத்து முப்பது நாட்களுக்கும் ஒரு கோப்பில் தரப்பட்டுள்ளன எனக் கொள்க. சில நாட்களுக்குரிய அளவீடு விடுபட்டுள்ளது. ஓரிடத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சொல் எழுதப்பட்டுள்ளது. கதவு திறக்கத்தக்க நாட்களைக் கண்டறிந்து அச்சிடும் செய்நிரல் ஒன்றை எழுதுக. விடுபட்ட நாட்களை எவ்வாறு கையாண்டீர் என்பதையும், ஏன் அவ்வாறு கையாண்டீர் என்பதையும் மூன்று வாக்கியங்களில் விளக்குக. கோப்பைப் படித்தலும், மீள்செயலும், நிபந்தனையும், பிழை கையாளலும் இவ்வொரு வினாவில் அடங்கும். இத்தகைய ஐந்து வினாக்களைக் கொண்ட ஒரு தாளை ஆக்குவதற்கு ஆசிரியர் மூவரும் ஒரு சனிக்கிழமையும் போதும்.